விலையும் பயனும்: முதன்மைத் திறன்பேசிகள் பற்றிய ஒரு நோக்கு

ஆடம்பரப் பொருளாகச் சந்தைக்கு வரும் ஒரு பண்டம் சில ஆண்டுகளுள் அத்தியாவசியப் பொருளாக மாறிவிடுவது பொருளாதார வரலாற்றிற் புதியதொன்றன்று. கைக்கடிகாரம், வானொலி, துவிச்சக்கர வண்டி ஆகிய யாவும் இவ்வழி வந்தனவே. திறன்பேசியும் இவ்வழியே வந்தது. ஆனால் அத்தியாவசியமான பின்னரும் அது தனது ஆடம்பரத் தன்மையைக் கைவிடவில்லை. வங்கிக் கொடுக்கல் வாங்கல், பாடக்குறிப்புக்கள், கடல் கடந்து வாழும் உறவினருடனான உரையாடல், வேலைவாய்ப்புக்கான விண்ணப்பம் ஆகியவற்றுக்கு இன்றியமையாத கருவி எதுவோ, அதுவே மோதிரமும் சங்கிலியும் போல அந்தஸ்தை உணர்த்தும் அணிகலனாகவும் விளங்குகின்றது. இவ்விரட்டைத் தன்மையே அதன் விலை பற்றிய சிந்தனையைச் சிக்கலாக்குகின்றது.

விலை கூடிய முதன்மைத் திறன்பேசி, மலிவு விலைத் திறன்பேசியைவிட உண்மையிலேயே அதன் விலைக்கேற்ற பயனைத் தருகின்றதா? இவ்வினா பொதுவாக விளம்பரகாரரிடமும் கடைக்காரரிடமும் விடப்படுகின்றது. தனிமனித விருப்பு வெறுப்புப் பற்றிய அற்ப விடயமென அறிஞருலகம் இதனை ஒதுக்கிவிடுவதும் உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தின் பல மாத ஊதியத்தை விழுங்கக்கூடிய ஒரு கொள்வனவு அற்ப விடயமாகாது. எனவே இக்கட்டுரையில் முதலிலே தொழினுட்ப அடிப்படையிலும், பின்னர் பொருளாதார அடிப்படையிலும், இறுதியாகச் சமூக அடிப்படையிலும் இதனை நோக்குவோம்.

1. விலையின் வளர்ச்சி

ஆங்கில வணிக வழக்கில் இத்தகைய திறன்பேசிகளைச் சுட்டும் சொல், கடற்படைத் தளபதியின் கொடி பறக்கும் கப்பலைக் குறித்து எழுந்ததாகும். ஒரு நிறுவனம் தன் ஆற்றல் முழுவதையும் உலகுக்குக் காட்டுவதற்காக ஆக்கும் பண்டம் என்பதே அதன் கருத்து. வாங்குவோனின் தேவையைக் காட்டிலும் விற்போனின் பெருமையே அச்சொல்லில் முதன்மை பெறுவது கவனிக்கத்தக்கது.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்பிள் நிறுவனத்தின் முதலாவது ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, ஈராண்டுச் சேவை ஒப்பந்தத்துடன் அதன் விலை 499 டொலரும் 599 டொலருமாக இருந்தது. இரண்டு மாதங்கள் கழிந்ததும் 599 டொலர்த் திறன்பேசி 399 டொலராகக் குறைக்கப்பட்டது. பத்தாண்டுகளின் பின் 2017இல் வெளிவந்த ஐபோன் பத்தின் ஆரம்ப விலை 999 டொலர். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சம்சுங் நிறுவனம் கலக்சி எஸ் 25 அல்ட்ராவை அமெரிக்கச் சந்தையில் 1,299.99 டொலருக்கு வெளியிட்டது. அதே நிறுவனத்தின் கலக்சி ஏ 16 எனும் மலிவு விலைத் திறன்பேசியின் ஐந்தாம் தலைமுறை வலையமைப்புக்குரிய வடிவம் அதே காலப்பகுதியில் அதே சந்தையில் 199.99 டொலருக்கு விற்கப்பட்டது.

ஒரே நிறுவனம், ஒரே சந்தை, ஒரே காலம். விலையோ ஆறரை மடங்கு வேறுபடுகின்றது. பயன் ஆறரை மடங்கு வேறுபடுகின்றதா என்பதே நாம் விடை காணவேண்டிய வினா.

2. மெய்யான வேறுபாடுகள்

விலை கூடிய திறன்பேசிகள் யாவும் வெறும் ஏமாற்று எனக் கூறுவது அறிவியலுக்கு ஒவ்வாது. மெய்யான வேறுபாடுகள் உள. அவற்றை முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, கமரா. நிழற்படமெடுத்தல் என்பது அடிப்படையில் ஒளியைச் சேகரிக்குந் தொழிலாகும். வில்லையின் பின்னுள்ள ஒளியுணரி பரப்பிற் பெரிதாயின் கூடிய ஒளி அதன்மீது விழும். மங்கிய வெளிச்சத்தில் எடுக்கும் படத்திலுள்ள இரைச்சற் புள்ளிகள் குறையும். முதன்மைத் திறன்பேசிகளில் இவ்வுணரி பெரிதாகவும், கைநடுக்கத்தை ஈடுசெய்யும் வகையில் வில்லையே அசையும் பொறியமைப்புடனும் அமைகின்றது. தொலைவிலுள்ளதை அணுக்கமாக்கும் தனி வில்லைகளும் உண்டு. மாலை நேரக் கோயில் வீதியையோ மேடை நாடகத்தையோ படம் பிடிப்போர்க்கு இவ்வேறுபாடு கண்கூடானது. நண்பகல் வெளிச்சத்தில் எடுக்கப்படும் படத்தில், அதுவும் கைத்திரையளவிற் பார்க்கையில், அவ்வேறுபாடு பெரிதுஞ் சுருங்கிவிடுகின்றது.

இரண்டாவது, முறைவழியாக்கியும் நினைவகமும். 2023இல் வெளிவந்த ஐபோன் 15 புரோவின் முறைவழியாக்கி, 3 நனோமீற்றர் எனப் பெயரிடப்பட்ட முறையில் தாய்வானில் ஆக்கப்பட்டது. மலிவு விலைத் திறன்பேசிகள் இதற்கு முந்திய தலைமுறை முறைகளில் ஆக்கப்பட்ட சில்லுகளையே கொண்டுள்ளன. ஆனால் பாடக்குறிப்பு வாசித்தல், செய்தி அனுப்புதல், காணொளி பார்த்தல் ஆகிய அன்றாடக் கருமங்களுக்கு அவ்வேகத்தின் சிறுபகுதியே போதுமானது. இங்கு பெரிதும் உணரப்படுவது முறைவழியாக்கியிலும் பார்க்க நினைவகத்தின் குறைபாடே. அமெரிக்காவில் விற்கப்பட்ட கலக்சி ஏ 16இன் நினைவகம் 4 கிகாபைற்று. எஸ் 25 அல்ட்ராவினது 12 கிகாபைற்று. நினைவகம் சிறிதாயின், ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று மீளும்போது முன்னையது மூடப்பட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். தேக்ககத்தின் வகையும் முக்கியமானது. மிக மலிவான சில திறன்பேசிகளில் ஒரே வேளையில் எழுதவும் வாசிக்கவும் இயலாத பழைய வகைத் தேக்ககம் பயன்படுத்தப்படுகின்றது. வாங்கிய ஓராண்டிலேயே 'இயங்க மறுக்கின்றது' என்று பலர் குறைபடுவதற்கு இவ்விரண்டுமே பெரும்பாலுங் காரணமாகும்.

மூன்றாவது, கட்டமைப்பு. எஸ் 25 அல்ட்ரா நீரில் அமிழ்ந்தாலும் ஒரு குறித்த ஆழத்துக்கும் நேரத்துக்கும் தாங்கத்தக்க தரச்சான்று உடையது. ஏ 16இனது தெறிக்கும் நீரையும் ஓரளவு தூசியையும் மாத்திரம் தாங்கும் தரமாகும். மழையிலுங் கடலிலுந் தொழில் புரிவோர்க்கு இது பொருளுடைய வேறுபாடு.

3. பெருக்கிக் காட்டப்படும் வேறுபாடுகள்

இனி, விலையை நியாயப்படுத்தும் பொருட்டுப் பெருக்கிக் காட்டப்படும் வேறுபாடுகளை நோக்குவோம்.

கமராவின் 'மெகாபிக்சல்' எண்ணிக்கை இவற்றுள் முதன்மையானது. எஸ் 25 அல்ட்ராவின் பிரதான கமரா 200 மெகாபிக்சல் கொண்டது. ஏ 16இன் பிரதான கமரா 50 மெகாபிக்சல். எனினும் வழமையான நிலையில் முன்னையது பதினாறு புள்ளிகளை ஒன்றாக இணைத்தும், பின்னையது நான்கு புள்ளிகளை ஒன்றாக இணைத்தும், ஏறத்தாழ 12 மெகாபிக்சல் கொண்ட படத்தையே தருகின்றன. மேலே கூறியவாறு உண்மை வேறுபாடு உணரியின் பரப்பிலும் வில்லையிலும் உள்ளது; விளம்பரத்தில் அச்சிடப்படும் எண்ணில் இல்லை. இத்தகைய எண் விளையாட்டு மலிவு விலைப் பண்டங்களிலும் உண்டு. அவற்றின் முதுகிற் காணப்படும் மூன்று வில்லைகளுள் ஒன்று, பெரும்பாலும் 2 மெகாபிக்சல் கொண்டதும் எண்ணிக்கையை நிரப்புவதற்கெனச் சேர்க்கப்பட்டதுமாகும். ஏ 16 இதற்கு விலக்கன்று.

மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். எஸ் 25 அல்ட்ரா, ஏ 16 ஆகிய இரண்டினதும் கொள்ளளவு 5,000 மில்லியம்பியர் மணியே. இலித்தியம் அயன் மின்கலம் வேதியியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. விலைச்சீட்டை அது அறியாது. ஒவ்வொரு மின்னேற்றத்தின்போதும் அதன் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறையும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். எம்மைப் போன்ற வெப்ப வலய நாட்டில் இரு வகைத் திறன்பேசிகளும் சில ஆண்டுகளுட் புதிய மின்கலத்தை வேண்டிநிற்கும்.

முறைவழியாக்கியின் வேகமே விலையைத் தீர்மானிக்கின்றது எனும் வாதத்தை ஒரு சான்று முறியடிக்கின்றது. 2019ஆம் ஆண்டு செப்டெம்பரில் 999 டொலர் ஆரம்ப விலையில் வெளிவந்த ஐபோன் 11 புரோவின் அதே முறைவழியாக்கி, 2020ஆம் ஆண்டு ஏப்பிரலில் 399 டொலருக்கு வெளிவந்த ஐபோன் எஸ்.இ.யிலும் இடம்பெற்றது. இதேபோற் கூகிள் நிறுவனம் 2023இல் 699 டொலருக்கு விற்ற பிக்செல் 8இன் சில்லு, 2024இல் 499 டொலர் விலையுடைய பிக்செல் 8 ஏயிலும் அமைந்தது. வேகத்தை மலிவாகத் தர நிறுவனங்களால் இயலும்; எப்போது, எந்த அளவுக்குத் தருவதென்பது சந்தைக் கணக்கைப் பொறுத்தது.

தமிழ் வாசகர் சிறப்பாக மனங்கொள்ளவேண்டிய மற்றொரு விடயமுமுண்டு. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அண்ட்ரோய்ட் திறன்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துக்கள் வெறுங் கட்டங்களாகவோ, கொம்புங் காலும் இடம்மாறியோ தோன்றின. இன்று மிக மலிவான திறன்பேசியிலும் ஒருங்குறித் தமிழைச் செவ்வனே வாசிக்கவும் எழுதவும் இயலும். எமது மொழிக்குக் கிடைத்த மிகப்பெரிய தொழினுட்பப் பேறு இதுவே. இதற்கு விலை கூடிய கருவி வேண்டியதில்லை. மறுபுறத்தில், 2024 ஜனவரியிற் கலக்சி எஸ் 24 வரிசை வெளியானபோது அதன் தலையாய சிறப்பாக விளம்பரப்படுத்தப்பட்டது தொலைபேசி உரையாடலை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதியாகும். அப்போது அது 13 மொழிகளுக்கு உரியதாயிருந்தது. இந்தி அவற்றுள் ஒன்று. தமிழோ சிங்களமோ இடம்பெறவில்லை. முழு விலையைச் செலுத்திய தமிழ் நுகர்வோன், தன் மொழியிற் பயன்படாத ஒரு வசதிக்குஞ் சேர்த்தே பணஞ் செலுத்தினான் என்பதே இதன் பொருள்.

4. காலம் எனும் அளவுகோல்

ஒரு கருவியின் மெய்யான விலை, கடையிற் செலுத்தும் தொகையன்று. அத்தொகையை அக்கருவி பயன்தரும் ஆண்டுகளால் வகுத்துப் பெறும் தொகையே. திறன்பேசியைப் பொறுத்தவரை அதன் ஆயுளை உலோகமுங் கண்ணாடியும் தீர்மானிப்பதிலும் பார்க்க மென்பொருளே கூடுதலாகத் தீர்மானிக்கின்றது. பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நிறுத்தப்பட்ட திறன்பேசி தொடர்ந்து இயங்கலாம். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அதில் அடைக்கப்படமாட்டா. வங்கிச் செயலிகளைப் பயன்படுத்துவோர்க்கு இது நேரடியான இடராகும்.

நெடுங்காலமாக இத்துறையிலேயே முதன்மைத் திறன்பேசிகளின் மேம்பாடு மிகத் தெளிவாக இருந்தது. மலிவு விலை அண்ட்ரோய்ட் திறன்பேசிகள் பல இரண்டு மூன்று ஆண்டுகளிற் கைவிடப்பட்டன. ஆனால் அண்மையில் இந்நிலை மாறியுள்ளது. 2023 ஒக்டோபரிற் பிக்செல் 8க்கும், 2024 ஜனவரியிற் கலக்சி எஸ் 24க்கும் ஏழாண்டு ஆதரவு உறுதியளிக்கப்பட்டது. 2024இன் பிற்பகுதியில் வெளிவந்த கலக்சி ஏ 16க்கும் ஆறாண்டு ஆதரவு அறிவிக்கப்பட்டது.

இவ்வுறுதிகளை அடிப்படையாகக் கொண்டு ஓராண்டுச் செலவைக் கணிப்போம். எஸ் 25 அல்ட்ராவின் 1,299.99 டொலரை ஏழால் வகுத்தால் ஏறத்தாழ 186 டொலர். பிக்செல் 8 ஏயின் 499 டொலரை ஏழால் வகுத்தால் ஏறத்தாழ 71 டொலர். ஏ 16இன் 199.99 டொலரை ஆறால் வகுத்தால் ஏறத்தாழ 33 டொலர். இன்னொரு வகையாற் கூறின், 'நெடுங்காலம் உழைக்கும், ஆகவே இலாபம்' எனும் வாதம் முதன்மைத் திறன்பேசியைக் காப்பாற்றப் போதுமானதன்று. ஏழாண்டுகள் முழுவதும் அதனைப் பயன்படுத்தினாலும் ஆண்டுச் செலவு ஐந்து மடங்கிற்கு மேலாகவே நிற்கின்றது.

எனினும் இக்கணக்கை மூன்று எச்சரிக்கைகளுடனேயே ஏற்றல் வேண்டும். முதலாவது, ஆறாண்டு ஆதரவு என்பது ஆறாண்டு இலகுவான பயன்பாடு ஆகாது. 4 கிகாபைற்று நினைவகத்துடன் ஆறாவது ஆண்டின் மென்பொருளைத் தாங்குவது கடினம். எனவே, மலிவு விலைத் திறன்பேசியை வாங்குவோர் இயன்றவரை கூடிய நினைவகமுள்ள வடிவத்தைத் தேர்தலே உண்மைச் சிக்கனமாகும். இரண்டாவது, இவ்வாண்டுகள் பண்டம் சந்தைக்கு வந்த காலத்திலிருந்து எண்ணப்படுவன. நாம் வாங்கிய நாளிலிருந்தன்று. ஈராண்டு பழைய மாதிரியைக் குறைந்த விலைக்கு வாங்குவோன் ஈராண்டு ஆதரவை இழந்தே வாங்குகின்றான். மூன்றாவது, ஆதரவு உறுதியே இல்லாத மிக மலிவான திறன்பேசிகள் இன்னும் உள. நூறு டொலருக்கு வாங்கி ஈராண்டில் எறியப்படும் ஒன்றின் ஆண்டுச் செலவு ஐம்பது டொலர்; அது ஏ 16இனதை விடக் கூடியதாகும். கையிற் பணமில்லாதவனே இதனை மீண்டும் மீண்டும் வாங்குகின்றான். வறுமை எப்போதும் செலவு மிக்கது என்பதற்கு இது நவீன உதாரணம்.

முதன்மைத் திறன்பேசிகளும் காலத்தால் தள்ளப்படாதவை அல்ல. 2024இல் அப்பிள் தனது செயற்கை நுண்ணறிவு வசதிகளை அறிமுகஞ் செய்தபோது, அதற்கு ஓராண்டு முன்னர் 799 டொலருக்கு விற்கப்பட்ட ஐபோன் 15 அவற்றைப் பெறும் தகுதியற்றதாயிற்று. 2017 டிசம்பரில், மின்கலந் தேய்ந்த ஐபோன் 6, 6 எஸ் முதலியவற்றின் வேகத்தைத் தனது மென்பொருள் மட்டுப்படுத்துவதை அந்நிறுவனமே ஏற்றுக்கொண்டது. நுகர்வோர்க்கு அறிவியாது இவ்வாறு செய்தமைக்காகப் பிரான்சு நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் 2020இல் 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தனர். அக்காலத்தில் 29 டொலராகக் குறைக்கப்பட்ட மின்கல மாற்றீடு, பல நூறு டொலர் பெறுமதியான கருவியின் வேகத்தை மீட்டுக் கொடுத்தது. புதியது வாங்கவேண்டும் என நினைத்த பலர்க்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரு மின்கலமே.

5. விலையுள் அடங்கியுள்ளவை

பண்டத்தின் பயன்மதிப்பையும் பரிவர்த்தனை மதிப்பையும் வேறுபடுத்தி நோக்குதல் அரசியற் பொருளாதாரத்தின் பாலபாடம். திறன்பேசியின் விலையுள் யார் யாருக்கு எவ்வளவு செல்கின்றது என்பதைக் கிரேமர், லிண்டன், டெட்ரிக் ஆகிய ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று விளக்குகின்றது. 2010ஆம் ஆண்டின் ஐபோன் 4இன் விற்பனை விலையில் 58.5 வீதம் அப்பிள் நிறுவனத்தின் இலாபமாகவும், 1.8 வீதம் மாத்திரமே சீனத் தொழிலாளரின் ஊதியமாகவும் அமைந்ததென அவர்கள் கணித்தனர். நாம் கூடுதலாகச் செலுத்தும் டொலர் அதனை ஆக்கிய கரங்களைச் சென்றடைவதில்லை என்பது இதனாற் புலனாகும்.

அக்கரங்களின் நிலை யாது? 2010ஆம் ஆண்டிற் சீனாவின் சென்சென் நகரிலுள்ள பொக்ஸ்கொன் தொழிற்சாலையில் இளந்தொழிலாளர் பலர் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டமை உலகை அதிரச் செய்தது. 2021 டிசம்பரில், தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் அதே நிறுவனத்தின் தொழிற்சாலையைச் சேர்ந்த பெண் தொழிலாளர், தங்கள் விடுதி உணவு நஞ்சானதால் 150க்கு மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டதை எதிர்த்துச் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்களே அவர்களிற் பெரும்பாலோர். விலையுயர்ந்த கைபேசியைப் பொருத்தும் அவர்களது கோரிக்கை உண்ணத்தக்க உணவும் உறங்கத்தக்க இடமுமாக இருந்தது.

மலிவு விலைத் திறன்பேசிகள் இக்குற்றத்திலிருந்து விடுபட்டவை எனக் கூறுவது எமது கருத்தன்று. அவையும் இதே உலகத் தொழிற்சங்கிலியில் விளைவனவே. அவற்றின் மின்கலங்களிலும் உலகின் கோபாற்று உற்பத்தியிற் பெரும்பங்கை வழங்கும் கொங்கோ சனநாயகக் குடியரசின் சுரங்கத் தொழிலாளரது உழைப்புக் கலந்திருக்கலாம். இங்கு நாம் வலியுறுத்துவது ஒன்றே: கூடிய விலை, கூடிய நீதிக்கு உத்தரவாதமன்று.

சூழலியல் நோக்கிலும் இது பொருந்தும். ஐபோன்கள் பற்றி அப்பிள் நிறுவனமே வெளியிடும் அறிக்கைகளின்படி, ஒரு திறன்பேசி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உற்பத்தியின்போதே நிகழ்ந்துவிடுகின்றது. 2022இல் உலகம் 62 மில்லியன் தொன் இலத்திரனியற் கழிவைத் தோற்றுவித்ததென்றும், அதில் 22.3 வீதமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளதென்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கூறுகின்றது. எனவே கையிலுள்ள திறன்பேசியை மேலும் ஈராண்டு பயன்படுத்துவதே, அது எவ்வகையினதாயினும், சூழலுக்குச் செய்யத்தக்க பெருந்தொண்டாகும்.

6. இலங்கையில் இவ்வினா

மேலே கூறிய டொலர்க் கணக்குகள் இலங்கை மண்ணில் வேறொரு பொருள் பெறுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 203 ரூபாவாக இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டியது. ஆயிரம் டொலர்த் திறன்பேசியொன்றின் விலை, அதிலுள்ள ஒரு திருகாணிதானும் மாறாமல், சில வாரங்களில் இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமாயிற்று. 2024 ஜனவரி முதலாந் திகதி பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்த்தப்பட்டதுடன், அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கையடக்கத் தொலைபேசிகளும் அவ்வரிக்கு உட்படுத்தப்பட்டன.

பெருந்தோட்டத் தொழிலாளர்க்கு 2024இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. டொலருக்கு 300 ரூபா என வைத்து, வரியைச் சேர்க்காது கணிப்பின், ஏ 16இன் விலை ஏறத்தாழ 60,000 ரூபா. அஃதாவது 44 நாட் சம்பளம். எஸ் 25 அல்ட்ராவின் விலை ஏறத்தாழ 390,000 ரூபா. அஃதாவது 289 நாட் சம்பளம். உண்ணாமலும் உடுக்காமலும் ஓராண்டு முழுவதும் கொழுந்து கொய்தால் மாத்திரமே ஈட்டத்தக்க தொகை அது. இங்கு நாம் மறக்கலாகாத உண்மை, 'மலிவு விலை' எனப்படும் அந்த 44 நாட் சம்பளமும் அக்குடும்பத்துக்கு மலிவன்று என்பதே.

இது வெறுங் கணக்கன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி திறன்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்தது. ஒரு திறன்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளும், சமிக்ஞை தேடி மலையுச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறிய மாணவரும் எமது நாட்டின் அக்காலக் காட்சிகளாயின. அன்று அப்பிள்ளைகளுக்குக் குறைவாயிருந்தது கமராவின் மெகாபிக்சல் அன்று. கருவி ஒன்று, அதனை இயக்கத் தரவு, தரவைக் கொணரும் கோபுரம் ஆகியனவே. ஒரு முதன்மைத் திறன்பேசியின் விலையில் ஆறு பிள்ளைகளுக்குப் போதிய கருவிகளை வாங்கலாம் என்பதை இவ்விடத்திற் பொருத்தி நோக்குதல் வேண்டும்.

7. அந்தஸ்தின் விலை

இவ்வளவுந் தெரிந்திருந்தும் முதன்மைத் திறன்பேசியின் மீதான மோகம் குறைவதில்லை. வசதியற்றோரிடையேயும் அது பரவுகின்றது. தவணைக் கடனிலும் கடனட்டையிலும் அதனை வாங்கி, திறன்பேசி பழையதான பின்னரும் கடன் முடியாது வருந்துவோர் பலர். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. அமெரிக்கச் சமூகவியலாளர் தோஸ்தைன் வெப்லென் 1899இல் எழுதிய நூலிலேயே, பிறர் காணும் பொருட்டுச் செய்யப்படும் நுகர்வு சமூக மதிப்பை ஈட்டும் வழியாக அமைவதை விளக்கினார். அந்நுகர்விற் கூடிய விலை குறையன்று. விலையே அங்கு பயனாகின்றது.

எமது சமூகத்தில் வீடும் காணியும் நகையும் முன்னர் இப்பணியைச் செய்தன. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் கையிலுள்ள திறன்பேசி இன்று அதனைச் செய்கின்றது. காணி வாங்க இயலாத இளைஞன் திறன்பேசி வாங்குகின்றான். காணியின் பெறுமதி ஆண்டுதோறும் ஏறுவது. திறன்பேசியினதோ பெட்டியைத் திறந்த கணத்திலிருந்தே இறங்குவது. சாதி, வர்க்கம், பிரதேசம் என்பவற்றால் மதிப்பு மறுக்கப்பட்ட ஒருவன், எவரும் மறுக்கவியலாத ஒரு சின்னத்தைக் கையிலேந்த விரும்புவதை எள்ளி நகையாடுவது எளிது. மதிப்புக்குரிய பிற வழிகளை அவனுக்கு அடைத்துவிட்டு நகைப்பது நேர்மையாகாது.

8. முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், முதன்மைத் திறன்பேசியாற் பெறப்படும் மெய்யான மேம்பாடு சிலர்க்கே உரியது என்பது தெளிவாகும். நிழற்படத்தையும் காணொளியையுந் தொழிலாகக் கொண்டோர், கருவியின் வேகத்திலே தம் வருமானம் தங்கியிருப்போர் ஆகியோர்க்கு அதன் விலை ஒரு முதலீடாக அமையலாம். ஏனையோர்க்கு, ஆறரை மடங்கு விலைக்கு ஆறரை மடங்கு பயன் கிட்டுவதில்லை. கைவிரல் உணரி, ஒளியுமிழ் கரிமத் திரை முதலியன ஒரு காலத்தில் முதன்மைத் திறன்பேசிகளின் தனியுடைமையாயிருந்து இன்று மலிவானவற்றில் வந்து சேர்ந்துள்ளன. காத்திருப்போனுக்கே இச்சந்தை கூடிய பயனைத் தருகின்றது.

வாங்குவோர் நோக்கவேண்டியவை நான்கு: ஆதரவு எவ்வாண்டு வரை நீடிக்கும், நினைவகம் போதியதா, மின்கலமும் திரையும் தமது ஊரில் மாற்றத்தக்கனவா, முழுத்தொகையையுங் கடனின்றிச் செலுத்த இயலுமா. இந்நான்குக்கும் சாதகமான விடை தரும் திறன்பேசி பெரும்பாலும் நடுத்தர விலைக்குக் கீழேயே கிடைக்கும்.

எனினும் இதனைத் தனியொருவனின் சாமர்த்தியத்திடம் மாத்திரம் விட்டுவிடல் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் ஏழாண்டுகளுக்கு உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டுமெனவும், 800 மின்னேற்றச் சுற்றுக்களின் பின்னரும் மின்கலம் 80 வீதக் கொள்ளளவைப் பேணவேண்டுமெனவும் உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துகின்றன. இவ்விதிகள் மலிவு விலைத் திறன்பேசிக்கும் முதன்மைத் திறன்பேசிக்கும் பொதுவானவை. நீடித்த ஆயுள் என்பது பணம் படைத்தோர் விலை கொடுத்து வாங்கும் சலுகையாக இருந்த நிலையை மாற்றி, அதனை எல்லா நுகர்வோரதும் உரிமையாக்கும் முயற்சி இதுவாகும். வெளிநாட்டுச் செலாவணி ஒவ்வொரு டொலரையும் எண்ணிச் செலவிடவேண்டிய எம்போன்ற நாட்டுக்கு இத்தகைய விதிகள் ஐரோப்பாவிலும் பார்க்க அவசியமானவை. இறக்குமதியாகும் திறன்பேசி ஒவ்வொன்றினதும் ஆதரவுக் காலத்தைப் பெட்டியின் மீது தமிழிலுஞ் சிங்களத்திலும் அச்சிடுமாறு கோருவது அதற்கு முதற்படியாக அமையலாம்.